தாத்தா ரெட்டைக்குழலா, ரேஞ்ச் துப்பாக்கியா, சொந்த ஓவர்-அண்டரா? நெல்லைப் பக்கமிருந்து ட்ராப் (பறக்கும் தட்டைச் சுடும் ஆட்டம்) தொடங்குவோருக்கு

"அண்ணாச்சி, வீட்டுல தாத்தா வச்சிருந்த ரெட்டைக்குழல் சும்மாதான கெடக்கு. அத வச்சே ட்ராப் பழகிரலாம்லா?" பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வரும் கேள்விகளில் பாதி இப்படித்தான் இருக்கும். மீதிப் பேருக்கு, பையனை முதலில் ஏர் ரைபிளில் சேர்ப்பதா, இல்லை கடன் வாங்கியாவது ஒரு நல்ல இத்தாலிய ஓவர்-அண்டர் (ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ள துப்பாக்கி) வாங்கிவிடுவதா என்ற குழப்பம். எல்லோருமே துப்பாக்கியை முடிவு செய்துவிட்டு ஆட்டத்தைப் பிறகு பார்க்கிறார்கள். அதைத் திருப்பிப் போட்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ஆட்டம் இதுதான். சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு நீளப் பள்ளம். அதற்குள் 15 எந்திரங்கள், சுடும் நிலை ஒவ்வொன்றுக்கும் 3. குரல் கொடுத்ததும் மூன்றில் ஏதோ ஒன்று 110 மில்லிமீட்டர் அகலமும் 105 கிராம் எடையும் உள்ள க்ளே தட்டை வீசும். இடது எந்திரம் வலப்பக்கம் வீசும், வலது எந்திரம் இடப்பக்கம் வீசும், நடு எந்திரம் கிட்டத்தட்ட நேராக அனுப்பும். 25 தட்டு கொண்ட ஒரு ரவுண்டில் இடம் 10, வலம் 10, நடு 5. எது எப்போது வரும் என்பது மட்டும் தெரியாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் தட்டு நம்மை விட்டு ஓடும். முதல் தோட்டா தவறினால் இரண்டாவது போடலாம். தகுதிச் சுற்றுக்கு 5 ரவுண்டு, மொத்தம் 125 தட்டு.

## எதை வைத்து எடைபோடுவது

பொருத்தம். ட்ராப்பில் குறி பார்க்க நேரம் கிடையாது. கன்னம் கட்டையில் (தோளில் அணையும் மரப்பகுதி) படிந்ததும் கண் எங்கே பார்க்கிறதோ அங்கே ரவை (தோட்டாவிலிருந்து பறக்கும் பொடிக் குண்டுகள்) போக வேண்டும். கட்டை ஒரு விரல் நீளம் கூடினாலும் குறைந்தாலும் ஆட்டம் மாறிவிடும்.

உதை. ஒரு நாளில் 100 தட்டு என்றால் 160 தடவை தோளில் இடி. முதல் 20 இடி எல்லோரும் தாங்குவார்கள். அதற்கப்புறம் என்ன ஆகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

சட்டம். லைசென்ஸ் யார் பெயரில், எந்த நோக்கத்துக்கு, எந்த எல்லைக்குள் செல்லும், எத்தனை தோட்டா வாங்கலாம்.

ஒரு தட்டுக்கு ஆகும் செலவு. துப்பாக்கி விலை ஒருமுறைச் செலவு. தோட்டா, தட்டு, பெட்ரோல், லாட்ஜ் எல்லாம் ஓயாத செலவு. புதியவர் 25-க்கு 10 முதல் தோட்டாவில் அடித்தால், மீதி 15-க்கும் இரண்டாவது தோட்டா போகும். ஆக ரவுண்டுக்கு 40 தோட்டா. இந்த 40-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடத்தில் வரும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சுட முடியும். நெல்லைக்காரருக்கு இதுதான் பெரிய தடை. தென் மாவட்டத்தார் எண்ணிப் பார்க்கக்கூடிய ட்ராப் ரேஞ்ச் (சுடுதளம்) புதுக்கோட்டையில் இருக்கிறது. மதுரை வழியாகப் போனால் ஒரு பக்கத்துக்கே 250 கிலோமீட்டருக்கு மேல்.

## வழி 1: வீட்டில் இருக்கிற ரெட்டைக்குழல்

ஆசையைத் தூண்டும் வழி இது. துப்பாக்கி இருக்கிறது, செலவில்லை என்ற கணக்கு. ஆனால் மறைமுகச் செலவு அதிகமாக இருப்பதும் இதில்தான்.

முதலில் பாதுகாப்பு. பழைய 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்றைய ட்ராப் தோட்டா சுட்டபின் விரிந்து 70 மில்லிமீட்டர் ஆகும். சுடாத தோட்டாவின் வாய் மடித்திருப்பதால் அது 65 அறைக்குள் அழகாக நுழைந்துவிடும். ஏமாறுவது இங்கேதான். விசையை இழுத்ததும் மடிப்பு விரிய இடமில்லாமல், அறைக்கு முன்னால் குழல் ஒடுங்கும் இடத்தில் நெரியும், அழுத்தம் ஏறும். குழல்களை மடித்துத் திறந்து, அடிப்பகுதியின் தட்டைப் பரப்பில் பொறித்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். 2½ என்றோ 65 என்றோ இருந்தால் 70 தோட்டா தொடவே கூடாது. எழுத்து தேய்ந்திருந்தால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் அளவுமானி வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். குழலின் மேல் பாம்புச் சட்டை மாதிரி வரிவரியாகத் தெரிந்தால் அது முறுக்கு இரும்பில் செய்த பழைய டமாஸ்கஸ் குழல். அது சுவரில் மாட்டத்தான்.

அறை சரி, குழலில் அரிப்பில்லை, பூட்டில் ஆட்டமில்லை என்றே வைத்துக்கொள்வோம். வயலுக்காகச் செய்த ரெட்டைக்குழல் சுமார் 3 கிலோ இருக்கும். ட்ராப் துப்பாக்கி 3.6-லிருந்து 4 கிலோ. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 12 போர் தோட்டாவில் ரவை 30 கிராமை ஒட்டி இருக்கும். ட்ராப் போட்டித் தோட்டாவில் 24 கிராம்தான். கனத்த தோட்டாவை இலேசான துப்பாக்கியில் போடும்போது தோளுக்கு வரும் உதையின் ஆற்றல், ட்ராப் துப்பாக்கியும் 24 கிராம் தோட்டாவும் சேர்ந்தால் வருவதைப் போல கிட்டத்தட்ட இரு மடங்கு. இரண்டாவது ரவுண்டிலேயே உடம்பு பயந்துவிடும். விசையை இழுக்கும் முன்பே கண் மூடும், தோள் பின்வாங்கும். இந்தப் பழக்கம் ஒரு நாளில் ஒட்டிக்கொள்ளும், உதிர மாதக்கணக்காகும்.

இன்னொன்று, ரவை போகும் உயரம். ட்ராப் தட்டு ஏறிக்கொண்டே ஓடுகிறது. அதனால் ட்ராப் துப்பாக்கியின் கட்டையில் கன்னம் படியும் இடத்தை உயர்த்திச் செய்திருப்பார்கள். தட்டு குழல்முனைக்கு மேலே முழுசாகத் தெரியும்போதே சுடலாம், ரவை கொஞ்சம் மேலே போய்ச் சேரும். வயல் துப்பாக்கி நேர் மட்டத்தில் அடிக்கும். அதில் ஏறும் தட்டை அடிக்கக் குழலால் தட்டையே மறைக்க வேண்டும். மறைத்ததும் தட்டு எங்கே என்று தலை தூக்குவோம், தலை தூக்கியதும் தோட்டா வீண்.

இதுபோக இரண்டு விசை. முதல் தோட்டா தவறினால் விரலை நகர்த்தி அடுத்த விசைக்குப் போவதற்குள் தட்டு 40 மீட்டரைத் தாண்டியிருக்கும். அடிப்பிடிக் கட்டையும் ஒல்லி. ஒரு ரவுண்டு முடிவதற்குள் இடது கை சூட்டில் துடிக்கும்.

சட்டம் வேறு. துப்பாக்கி அப்பா பெயரில் இருந்தால் மகன் தனியாக எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போக முடியாது. தாத்தா இறந்து யாரும் பெயர் மாற்றவில்லை என்றால் அதை வீட்டில் வைத்திருப்பதே தவறு. ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு வாரிசு விண்ணப்பிக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய லைசென்ஸ் பெரும்பாலும் குறிப்பிட்ட எல்லைக்குள்தான் செல்லும். கடையநல்லூரில் பன்றி விரட்ட வாங்கியதைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோக முடியுமா என்பதற்குப் பதில் லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. தோட்டா எண்ணிக்கையையும் அதே புத்தகத்தில் பாருங்கள். வருடத்துக்கு 200 என்று இருந்தால், ரவுண்டுக்கு 40 வீதம் ஐந்தே ரவுண்டில் காலி.

தேர்தல் வந்தால் இன்னொரு தலைவலி. நடத்தை விதி அமலானதும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024-ல் அது மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை இருந்தது. விளையாட்டுக்கென்று பதிவு செய்தவர்களுக்கு விலக்கு கேட்க வழி உண்டு. பயிர்ப் பாதுகாப்பு லைசென்சுக்கு அந்த வாதம் எடுபடாது.

"நம்ம தோப்புலயே நாலு தட்ட வீசிச் சுட்டா என்ன?" என்பவர்களுக்கு: வேண்டாம். பொடி ரவையே 200 மீட்டர் வரை போய் விழும். உங்கள் தோப்பு அவ்வளவு பெரிதாக இருந்தாலும் பக்கத்து வரப்பில் ஆடு மேய்ப்பவர் இருப்பார். ஈயம் குளத்தில் விழுந்தால் வாத்து, நாரை வயிற்றுக்குப் போகும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் இருக்கிற ஊரில் அது சின்ன விஷயமல்ல. சட்டப்படியும் பயிற்சிக்கு இடம் அனுமதி பெற்ற ரேஞ்ச்தான்.

இந்த வழி யாருக்குச் சரி? 70 மில்லிமீட்டர் அறையுள்ள நல்ல நிலைத் துப்பாக்கியும் தன் பெயரில் மாநிலம் முழுக்கச் செல்லும் லைசென்சும் உள்ளவருக்கு. அவரும் 24 கிராம் தோட்டாதான் போட வேண்டும். போட்டிக்குப் போகும் எண்ணமில்லாமல், வருடத்தில் நாலைந்து நாள் சுட்டால் போதும் என்பவருக்கு இது தாராளம்.

## வழி 2: ரேஞ்ச் துப்பாக்கியில் முதல் 500 தட்டு

எங்கள் ஓட்டு இதற்குத்தான். காரணம் சிக்கனம் அல்ல. எந்தத் துப்பாக்கி தனக்குப் பொருந்தும் என்பது 500 தட்டு சுடும் வரை யாருக்கும் தெரியாது.

500 தட்டு என்றால் 20 ரவுண்டு, சுமார் 800 தோட்டா. இதை இருபது ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்தால் பாதிப் பணம் ரோட்டில் போகும், ஒவ்வொரு முறையும் போன தடவை கற்றது மறந்திருக்கும். தொடர்ச்சியாக ஐந்து நாள் தங்கி, நாளுக்கு நாலு ரவுண்டு சுடுவது எவ்வளவோ மேல். காலையில் இரண்டு, வெயில் தாழ்ந்து இரண்டு. மாதம் பார்த்துப் போங்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 105 கிராம் தட்டு எம்மாத்திரம். எதிர்காற்று தட்டைத் தூக்கிவிடும், பின்காற்று அமுக்கிவிடும். புதியவருக்குத் தான் தவறினோமா, காற்று ஏமாற்றியதா என்றே புரியாது. மழை ஓய்ந்த தை, மாசி உத்தமம்.

கிளம்பும் முன் போனில் கேட்க வேண்டியவை: புதியவருக்குக் கிளப் துப்பாக்கி உண்டா, கோச் இருப்பாரா, 24 கிராம் ஏழரை நம்பர் (ரவையின் பருமனைச் சொல்லும் எண்) தோட்டா அங்கேயே கிடைக்குமா, தட்டு எந்திரம் ஓடுகிறதா. கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்படாதீர்கள். அடையாள அட்டையும் கிளப் உறுப்பினர் விவரமும் கையோடு இருக்கட்டும்.

இடது தோளில் சுடுபவருக்கு இந்த வழியில் ஒரு சிக்கல். ட்ராப் துப்பாக்கியின் கைப்பிடி வலக்கைக்கேற்ற புடைப்போடும், கட்டை கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்தும் இருக்கும். இடக்கை கிளப் துப்பாக்கி அபூர்வம். இரவல் துப்பாக்கி குட்டையானவருக்கு நீளமாகவும் நெட்டையானவருக்குக் குட்டையாகவும் இருப்பதும் சகஜம். துப்பாக்கி காலி என்று திறந்து பார்த்து உறுதி செய்தபின் தோளில் ஏற்றிப் பாருங்கள். மூக்குக்கும் கைப்பிடியைச் சுற்றிய பெருவிரலுக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் இடைவெளி வேண்டும். மூக்கு விரலை முட்டினால் கட்டை குட்டை. ஏற்றும்போது கட்டை அக்குளில் சிக்கினால் நீளம்.

வீட்டிலேயே செய்துவிட்டுப் போகக்கூடிய ஒரு சோதனை: இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து, தூரத்துப் பனைமரக் கொண்டையை அதன் வழியே இரண்டு கண்ணும் திறந்து பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். மரம் அப்படியே நின்றால் திறந்திருக்கும் கண்தான் தலைமைக்கண், மறைந்தால் மற்றது. வலக்கைக்காரருக்கு இடக்கண் தலைமை என்றால் இடப்பக்கத் தட்டும் வலப்பக்கத் தட்டும் காரணமில்லாமல் தவறும். கண்ணாடியின் இடப்பக்கத்தில், குழல் பார்வை விழும் இடத்தில் நகத்தளவு மங்கல் டேப் ஒட்டினால் தீரும். இளவயதுக்காரர் என்றால் தோளையே மாற்றிப் பழகுவது நல்லது.

நிலையில் நிற்கும் முறை: வலக்கைக்காரருக்கு இடது கால் முன்னால், பாதங்கள் தோளகலம், எடையில் பாதிக்கு மேல் முன்காலில், மூக்கு முன்பாத விரலுக்கு நேர் மேலே. ட்ராப்பில் குரல் கொடுக்கும் முன்பே துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக்கொள்ளலாம், அது பெரிய வசதி. கட்டையைக் கன்னத்துக்குக் கொண்டு வாருங்கள், கன்னத்தைக் கட்டைக்குக் கொண்டு போகாதீர்கள். குழல்முனை பள்ளத்தின் விளிம்பில் நடு எந்திரத்தைக் காட்டும் குறிமேல், பார்வை அதற்கும் அப்பால் கொஞ்சம் மேலே. குரல் கொடுத்துத் தட்டை பார்த்த பிறகு துப்பாக்கி நகர வேண்டும். பெரும்பாலோர் எந்திரச் சத்தத்துக்கே குழலை ஆட்டிவிடுகிறார்கள், தட்டு எதிர்ப்பக்கம் போகிறது.

ரவை 33 மீட்டர் போவதற்குள் தட்டு 2 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அதனால் தட்டின் பின்னாலிருந்து குழலை ஓட்டி, அதைத் தாண்டும்போது சுட்டு, சுட்ட பின்னும் ஓட்டத்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரவை தட்டின் வாலுக்குப் பின்னால் போகும். தலை தூக்கினால் மேலே போகும். இந்த இரண்டு தப்பும் முதல் நாள் தவறும் தட்டுகளில் முக்கால்வாசிக்குக் கணக்குச் சொல்லிவிடும். நீங்களே கண்டுபிடிக்க முடியாது. பின்னால் நிற்கும் கோச்சின் கண் வேண்டும்.

## வழி 3: பக்கத்தில் ஏர் ரைபிள்

கவர்ச்சி புரிகிறது. 0.177 அளவில், 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் ரைபிளுக்கு ஆயுத லைசென்ஸ் வேண்டாம், 10 மீட்டர் இடம் போதும், தினமும் சுடலாம். துப்பாக்கியில் எப்போதும் தோட்டா இருப்பதாகவே கருதுவது, முனையை யார் பக்கமும் திருப்பாதது போன்ற ஒழுங்கெல்லாம் கையில் படிந்துவிடும்.

ஆனால் ஆட்டம் நேர் எதிர். ஏர் ரைபிளில் குறிமுனையைப் பார்த்து, மூச்சடக்கி, விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். ட்ராப்பில் குழலைப் பார்க்கவே கூடாது, கண் தட்டில், விசை ஒரே இழுப்பு. நன்றாக ஏர் ரைபிள் சுடுபவர்கள் ட்ராப்புக்கு வந்ததும் குறியைச் சரிபார்க்கக் குழலை ஒரு நொடி நிறுத்துவதுண்டு. ட்ராப்தான் இலக்கு என்றால் இது படிக்கட்டு அல்ல, பக்கத்துத் தெரு.

சிறுவர்களுக்கு மட்டும் கதை வேறு. 12 போர் லைசென்சுக்கு 21 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்கள் கிளப் பயிற்சியாகப் பெரியவர் மேற்பார்வையில்தான் சுட முடியும். 13 வயதுப் பிள்ளையின் கழுத்துக்கு 3.7 கிலோ துப்பாக்கி பாரம். இரண்டு மூன்று வருடம் ஏர் ரைபிளில் இருப்பதில் நட்டமில்லை. சுடும் கோட்டும் சூவும் வாங்கச் சொல்வார்கள். வளரும் பிள்ளைக்கு வருடம் ஒரு செட், அதுதான் இதில் ஒளிந்திருக்கும் செலவு.

## வழி 4: சொந்தமாக ஓவர்-அண்டர்

மேலும் கீழுமாக இரண்டு குழல், ஒரே விசை. உலகம் முழுக்க ட்ராப்பில் இதுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போன புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் சுடுவதும் இந்த வகைதான். பெரெட்டா, பெராஸி என்று இத்தாலியக் கம்பெனிப் பெயர் சொன்னதும் ஆசை வரும். ஆனால் சாதாரண லைசென்ஸ்காரர் வெளிநாட்டிலிருந்து நேரே இறக்குமதி செய்ய முடியாது. தேசியப் போட்டியில் தகுதி காட்டியவர்களுக்குத்தான் அந்தக் கதவு. மற்றவர்களுக்கு உள்நாட்டில் கைமாறும் பழைய துப்பாக்கிதான். வரத்து குறைவு என்பதால் விலை அதன் வயதுக்குப் பொருந்தாது.

பம்ப் ஆக்‌ஷன் (அடிப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றுவது) கடையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். பன்னாட்டு விதிப்படி ட்ராப்பில் பம்ப் ஆக்‌ஷனுக்கு இடமில்லை.

பழைய ஓவர்-அண்டர் வாங்கும்போது: அடிப்பிடிக் கட்டையைக் கழற்றிவிட்டு, பூட்டிய குழலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் விலகுங்கள். துப்பாக்கியைத் திறக்கும் மேல் நெம்பு நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போய் நின்றால் தேய்ந்து தீர்ந்த துப்பாக்கி. டம்மி தோட்டா போட்டு இரண்டு குழலும் விசைக்கு மாறி மாறி அடிக்கிறதா பாருங்கள். சில துப்பாக்கிகளில் முதல் குழலின் உதை இருந்தால்தான் விசை இரண்டாவதற்கு மாறும், அதை மட்டும் ரேஞ்சில் சோதிக்க வேண்டும். கட்டையை முன்னவர் தன் தோளுக்கு வெட்டியிருப்பார், அதை அளக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். உதிரி ஸ்பிரிங், பின் கிடைக்குமா என்று கேளுங்கள்.

2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிதான். வீட்டில் பரம்பரைத் துப்பாக்கி இரண்டு உங்கள் பெயரில் இருந்தால் ஒன்றை விட்டாக வேண்டும். விளையாட்டு வீரர்களுக்குத் தனிச் சலுகை உண்டு, முதல் நாள் ஆட்டக்காரருக்கு அது பொருந்தாது.

திருச்செந்தூர், உவரி பக்கம் இருப்பவர்களுக்குக் கடல்காற்று ஒரு செலவு. உப்பும் வியர்வையும் ஒரே இரவில் குழலில் துருப்புள்ளி வைத்துவிடும். சுட்ட அன்றே துடைத்து, இலேசாக எண்ணெய் தடவி, உறையிலிருந்து வெளியே எடுத்துவைத்துப் பூட்ட வேண்டும். பஞ்சு உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

## ஒரே பார்வையில்

| | வீட்டு ரெட்டைக்குழல் | ரேஞ்ச் துப்பாக்கி | ஏர் ரைபிள் | சொந்த ஓவர்-அண்டர் |
|---|---|---|---|---|
| பொருத்தம் | தாத்தா உடம்புக்கு | சராசரி உடம்புக்கு | சரிசெய்யலாம் | செதுக்கிக்கொள்ளலாம் |
| உதை | கடுமை | குறைவு | இல்லை | குறைவு |
| லைசென்ஸ் | எல்லை, தோட்டா எண்ணிக்கை தடை | கிளப் வழியே | 20 ஜூலுக்குள் வேண்டாம் | வேண்டும் |
| ஒளிந்த செலவு | சோதனை, கெட்ட பழக்கம் | பயணம், தங்கல் | வளரும் பிள்ளைக்குக் கோட்டு | பழுது, உதிரி, கட்டை மாற்றம் |
| வீட்டுப் பயிற்சி | உண்டு, பயன் குறைவு | துப்பாக்கி இல்லை | தினமும் | தினமும் |
| யாருக்கு | எப்போதாவது சுடுபவர் | எல்லாப் புதியவரும் | 12 முதல் 15 வயது | 500 தட்டு தாண்டியவர் |

அட்டவணையில் "வீட்டுப் பயிற்சி" வரியைச் சிலர் கவனிக்காமல் விடுவார்கள். சொந்தத் துப்பாக்கியின் உண்மையான லாபம் அங்கேதான். தோட்டாவெல்லாம் வேறு அறையில் பூட்டிவிட்டு, காலி என்று இருமுறை பார்த்து, சுவரும் கூரையும் சேரும் கோட்டின் மீது குழல்முனையை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் ஓட்ட வேண்டும். தினம் 15 நிமிடம். முனை கோட்டை விட்டு நெளிந்தால் கைதான் துப்பாக்கியைத் தள்ளுகிறது என்று அர்த்தம். இடுப்பு திரும்பினால் கோடு நேராக ஓடும். புதுக்கோட்டைக்கு மாதம் ஒருமுறைதான் போக முடியும் என்ற ஊரில் இந்த 15 நிமிடத்துக்கு விலை அதிகம். அதனால்தான், 500 தட்டுக்குப் பிறகும் ஆசை குறையாதவர் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கத் தயங்க வேண்டியதில்லை என்கிறோம். அப்போது நோக்கம் என்ற இடத்தில் விளையாட்டு என்று எழுதுங்கள், எல்லையைத் தமிழ்நாடு முழுவதுக்கும் கேளுங்கள், கிளப் உறுப்பினர் சான்றையும் ரேஞ்சில் சுட்ட மதிப்பெண் தாளையும் இணையுங்கள்.

ரேஞ்ச் வழியைத் தேர்ந்தவர் முதல் பயணத்துக்கு எடுத்துப்போக வேண்டியது அதிகமில்லை. உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி, காதுக்குள் வைக்கும் அடைப்பான், அதன்மேல் மாட்டும் காதுமூடி, மூடிய ஷூ, நீள விளிம்புத் தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர். தோட்டா உங்கள் பொறுப்பில் வந்தபின் வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் வைக்காதீர்கள், சூடேறினால் அழுத்தம் ஏறும். சட்டை மார்பில் பாக்கெட், பட்டன் இல்லாததாக இருக்கட்டும். கட்டை ஏறும் வழியில் பேனா ஒன்று இருந்தால் அன்றைக்கு முழுக்க அதன் தடம் தோளில் இருக்கும்.